கால் படாத இடம்

ஜூலை 3, வியாழன்

மணல் கழுவி முடித்தாயிற்று. இடுப்பு கழன்றுவிட்டது. நெல்லுக்கு மணிச்சத்து துளிகூடக் கிடைக்கக் கூடாது என்றால் ஆற்று மணலை அமிலத்தில் ஊறப்போட்டு, தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, காயவைத்துத் தொட்டியில் நிரப்ப வேண்டும். என் பிஎச்.டி.யில் பாதி இதுதான். மீதிப் பாதி, செடி ஏன் வளரவில்லை என்று கைடுக்கு விளக்கம் சொல்வது.

கைடு பத்மலோசனி மேடம் இன்று கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "அறிவு, டிசம்பரோட உன் எக்ஸ்டென்ஷன் முடியுது. இதுதான் கடைசி போகம். இதுவும் வரலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது." சரி மேடம் என்று பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். லேபில் அழ முடியாது. அதற்குத்தான் இந்த டைரி.

ஜூலை 7, திங்கள்

நாற்று நட்டாயிற்று. அப்பா போனில், "உன் ஆராய்ச்சிய எங்க பகுத்தறிவுக் கூட்டத்துல ஒருத்தர் கேட்டார்மா, எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். இந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஐந்து வருடமாக என்ன செய்கிறேன் என்று பெற்றவருக்கே தெரியாது. என் தப்புதான். சொல்லிப் பார்த்தேன்.

"அப்பா, நெல்லோட வேர்ல சின்னச் சின்ன வாசல் இருக்கு. மண்ணுல இருக்கிற பாஸ்பேட், அதாவது மணிச்சத்து, அது வழியாத்தான் உள்ள போகும். அந்த வாசலைக் கட்டுற மரபணு, செடிக்குப் பசி வந்தாத்தான் முழிச்சுக்கும். நாங்க ஒரு நாட்டு ரகத்துல இருந்து எடுத்த மரபணுவை வச்சு, எப்பவும் வாசல் நிறைய இருக்கிற மாதிரி ஒரு நெல்லு பண்ணியிருக்கோம். உரமே இல்லாத மண்ணுலயும் அது தேடி உறிஞ்சிக்கணும்."

"உறிஞ்சுதா?"

"இல்லப்பா, இதுவரைக்கும் இல்ல."

"வரும்மா. அறிவுக்கொடின்னு சும்மாவா பேர் வச்சேன்" என்றார். அவர் திருமணத்துக்கே ஐயர் வைக்காத மனிதர். எங்கள் வீட்டில் சாமி படம் போட்ட காலண்டரைக்கூடத் திருப்பித்தான் மாட்டுவார்கள்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. லேபில் பாதிப் பேர் மஞ்சள் புடவை. எனக்குத் தலைவலி.

பசுமைக்குடிலில் உட்கார்ந்து, நெல்லின் அடியில் கிளைக்கும் தூர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ண ஒன்றுமில்லை. மணிச்சத்து இல்லாத நெல் தூர் கட்டாது. கறுத்த பச்சையில், ஒற்றைக் குச்சியாக, கட்டையாக நிற்கும். வெறும் நெல்லும் அப்படித்தான் நிற்கிறது, எங்கள் மரபணு ஏற்றிய ஏழாம் எண் நெல்லும் அப்படித்தான் நிற்கிறது. என் மூஞ்சியைக் கண்ணாடியில் பார்க்காமலே எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

டிரே, தொட்டி எல்லாம் கழுவும் வேலாத்தா அக்கா வந்து பக்கத்தில் நின்றார். ஒப்பந்த ஆள். வீட்டுக்காரர் விசைத்தறியில் கை போனவர். இவர் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

"ஏனுங் அம்முணி, கண்ணு வீங்கிக் கெடக்குது? மாரியாத்தா கோயலுக்குப் போயிட்டு வந்தனுங்க. இந்தாங், துண்ணூறு. நீங்க சாமி கும்புடலீன்னாலும் பரவால்லீங்க, கையிலயாவது வாங்கிக்கோங்க."

போன வருடம் ஆயுத பூஜைக்கு அவர் எங்கள் இயந்திரத்துக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தபோது, எல்லோர் முன்னாலும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு பிரசங்கம் செய்தவள் நான். அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் நீட்டுகிறார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டேன்.

வாங்கியாயிற்று, திருநீற்றை எங்கே போடுவது? நெற்றியில் வைக்கப் போவதில்லை. கீழே கொட்டினால் அவர் மனசு கஷ்டப்படும். கால் படாத இடத்தில் போட வேண்டும் என்பார்கள். அவர் திரும்பியதும் கைக்கு எட்டிய ஓரத் தொட்டியில் தட்டிவிட்டேன். அதில் இருந்தது வெறும் நெல். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்தது.

ஜூலை 22, செவ்வாய்

இன்றும் கொடுத்தார். அதே ஓரத் தொட்டி.

ஜூலை 25, வெள்ளி

ஓரத் தொட்டியில் ஒரு தூர் வெடித்திருக்கிறது. வெளிச்சம் அங்கே கொஞ்சம் அதிகம்.

வேலாத்தா அக்கா இன்று கொடுத்ததை ஏழாம் எண் தொட்டி ஒன்றில் போட்டேன். அருகில் அதுதான் இருந்தது.

ஜூலை 30, புதன்

இதை எழுதவே கை கூசுகிறது. இன்று நானே கேட்டேன். "அக்கா, இன்னிக்கு கோயிலுக்குப் போகலையா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கேக்கறீங்களேன்னு நாளைக்கு ஒரு பொட்டணமே கொண்டாரனுங்க. ஊட்டுக்குங்களா?"

"ஆமாக்கா, ஊருக்கு. அம்மா கேட்டாங்க."

அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

பொட்டலம் மேசை டிராயரில் இருக்கிறது. காலையில் தண்ணீர் விடும்போது வழக்கமானதைச் செய்கிறேன். ஏழாம் எண் தொட்டிகளுக்கு மட்டும். யார் தலையும் தெரியாத நேரம் பார்த்து, ஒரு சிட்டிகை. மனதுக்குள் என்ன சொல்கிறேன் என்பதை இங்கேகூட எழுத மாட்டேன்.

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன்: இதனால் ஆராய்ச்சிக்கு ஒரு கெடுதியும் இல்லை. யோசித்துவிட்டேன். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. சாம்பலில் இருப்பது சாம்பல்சத்து, பெயரிலேயே இருக்கிறது. அதைத்தான் நான் ஊற்றும் கரைசலில் ஏற்கெனவே தாராளமாகக் கொடுக்கிறேன். எனக்கு வேண்டியது மணிச்சத்து இல்லாமல் இருப்பது. அது இல்லாமல்தான் இருக்கிறது. ஆகவே இது வெறும் மனத் திருப்தி.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஏழாம் எண் தூர் வெடித்துக் கொத்தாக நிற்கிறது! மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அடி கள்ளி, சாதிச்சுட்டியேடி!" என்று முதுகில் ஒன்று வைத்தார். ஐந்து வருடத்தில் என்னை 'டி' போட்டுப் பேசியது இதுதான் முதல் முறை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஓரத்தில் இருக்கும் அந்த வெறும் நெல்லும் கொத்தாக நிற்பதைக் காட்டினேன். "ஒண்ணு கெட்டுப்போகும்தான், அதைக் கணக்குல சேர்க்காத" என்றார்.

28ஆம் தேதி டில்லியிலிருந்து ரிவ்யூவுக்கு வருகிறார்கள். மேடம் ஏழாம் எண்ணைக் காட்டப் போகிறார். அப்பாவுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மூடநம்பிக்கை பற்றி நான் பேச வேண்டுமாம். சரி என்றேன். சனியனே, சரி என்றேன்!

ஆகஸ்ட் 14, வியாழன்

கூட வேலை பார்க்கும் ஷமீமா வேர்களை அரைத்து மரபணுச் சோதனை செய்து முடித்துவிட்டாள். செடிக்கு மணிச்சத்துப் பசி எடுத்தால் மட்டும் சத்தம் போடும் மரபணுக்கள் சில உண்டு. ஏழாம் எண்ணில் அவையெல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்கின்றன.

"செம்ம அறிவு! செடிக்குப் பசியே இல்ல. உன் ஜீன் வேலை செய்யுதுன்னு மேடம் ஆடப்போறாங்க" என்றாள். பிறகு நகத்தைக் கடித்தாள். "ஆனா ஒண்ணு. அந்த ஓரத்துத் தொட்டியையும் சும்மா போட்டுப் பாத்தேன். அதுல நம்ம ஜீன் கிடையாது. அதுக்கும் பசி இல்ல. யாரோ அதுக்குத் தனியா சோறு போட்டிருக்காங்க போல."

சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நான் டிராயரைப் பூட்டினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கூட்டத்துக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று பொய் சொன்னேன். துணி துவைத்தேன், சட்னி அரைத்தேன், தலைக்குக் குளித்தேன். எது செய்தாலும் ஒரே யோசனை. திருநீறு என்பது சாணத்தை எரித்த சாம்பல். மாடு தின்ற புல்லில் இருந்த மணிச்சத்து சாணத்தில் இல்லாமல் வேறெங்கே போயிருக்கும்? எரித்தால் ஆவியாகிப் போய்விடுமா? முதல் வருடம் பி.எஸ்ஸி. படிக்கிற பிள்ளைகூடச் சொல்லும். சாம்பல்சத்து என்று ஒரு பெயர் வைத்ததற்காக அதில் வேறொன்றும் இருக்காதா?

கடைத் திருநீறு பாதிக்கு மேல் சுண்ணாம்புத் தூளாகத்தான் இருக்கும். அக்கா கொண்டுவந்ததும் அப்படி இருந்துவிடட்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகையைக் கரைத்து, வடிகட்டி, மருந்து விட்டேன். மணிச்சத்து இருந்தால் நீலம் வரும்.

வந்தது. பேனா மை நீலம். குழாயைக் கொட்டிக் கழுவிவிட்டு, நம்பாமல் இன்னொரு முறை செய்தேன். அதே நீலம்.

அக்காவிடம் பேச்சுவாக்கில், "இது கடைத் திருநீறாக்கா?" என்று கேட்டேன். அவருக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. "கடையிலயா? கோயல்லயே மாடு இருக்குதுங்க. பூசாரி சாணம் தட்டிக் காயவெச்சு அவரே சுடறதுங்க. சுத்தமானது."

ஏழாம் எண் ஒன்றும் சாதிக்கவில்லை. நான் ஊட்டி வளர்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்பில் பேச்சுப்போட்டியில் மூடநம்பிக்கை ஒழிக என்று கோப்பை வாங்கியவள். தூ.

ஆகஸ்ட் 20, புதன்

ரிவ்யூவில் இதைக் காட்ட விடக் கூடாது. அந்த அளவுக்கு இன்னும் கெட்டுப்போகவில்லை. காலையில் மேடத்திடம் போனேன்.

"மேடம், ஏழாம் எண் ரிசல்ட் தப்பு. வெளியிலிருந்து மணிச்சத்து கலந்திருக்கு."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "எப்படி? எங்கிருந்து?"

திருநீறு என்கிற சொல் தொண்டை வரை வந்தது. மேடம் கைப்பையில் பிள்ளையார் படம் வைத்திருப்பவர். அவரிடம் போய் நான் எப்படிச் சொல்வேன்? அந்த ஸ்பிரிட், அந்தப் பிரசங்கம், அப்பா, எல்லாம் கண் முன்னால் வந்தது.

"கழுவுற சோப்புத்தூள்ல இருந்து வந்திருக்கலாம் மேடம். சிலதுல பாஸ்பேட் இருக்கும்."

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. வந்திருக்கலாம் என்றுதான் சொன்னேன். ஒரு பெயரும் என் வாயிலிருந்து வரவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

டிரே கழுவுவது ஒரே ஓர் ஆள்தான்.

மேடம் அறையில் வேலாத்தா அக்காவின் குரல் வராந்தா வரை கேட்டது. "ஆசிட் தண்ணி, அப்பறம் நல்ல தண்ணிங்க மேடம். சோப்புத்தூள் நான் தொட்டதே இல்லீங்க. என்ற புள்ளைக மேல சத்தியமுங்க." மேடம் மெதுவாகத்தான் பேசினார். ஒரு போகத்து உழைப்பு போச்சு, என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி ஒப்பந்தக்காரரிடம் ஆள் போய்விட்டது.

அக்கா நேராக என்னிடம் வந்தார். கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "அம்முணி, நீங்க தெனமும் பக்கத்துல இருந்து பாக்கறவிங்கதான? நான் சோப்புப் போட்டு ஒரு நாளாவது பாத்தீங்களா? நீங்க ஒரு வார்த்த சொன்னா மேடம் கேப்பாங்க. இது போச்சுன்னா நான் எங்கீங்க போவேன்? ஊட்டுல அவரு கையில்லாம உக்காந்திருக்காரு" என்றார்.

"பாக்கலாம்க்கா" என்றேன்.

பார்க்கலாமாம். நாசமாய்ப் போக.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அக்கா இன்றும் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. எனக்குத் திருநீறு கொடுத்தார்.

"எனக்கு ஆவறது ஆவட்டுமுங்க. உங்க நெல்லாவது நல்லா வரோணும்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டு வந்தனுங்க. பட்டம் வாங்கோணுமில்ல நீங்க."

கை நீட்டி வாங்கினேன். இந்த முறை எங்கேயும் போட முடியவில்லை. அந்தக் கையோடு கழிவறைக்குப் போய் நின்றுகொண்டு அழுதேன். பிறகு கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஒரு வேலையும் ஓடவில்லை. இட்லி மாவு பொங்கி வழிந்து கிடக்கிறது.

நியாயமாகக் கேட்டுக்கொள்கிறேன். திருட்டு ரிசல்ட் என்று நானே போய்ச் சொல்ல முடிந்தது. ஓர் ஆளின் வேலையைப் பறிக்கிற பொய்யையும் சொல்ல முடிந்தது. திருநீறு போட்டேன் என்று மட்டும் சொல்ல முடியவில்லை. அவ்வளவுதானா நான்? நாலு பேர் சிரிப்பார்கள் என்பதற்காக ஒரு வீட்டின் அடுப்பை அணைக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. எதற்கு வெட்கப்பட வேண்டுமோ அதற்கு வெட்கப்படாமல் போனதுதான் இருப்பதிலேயே பெரிய வெட்கம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மேடம் அறையில் ரிவ்யூ வேலைக்காக எல்லோரும் இருந்தார்கள். தனியாகச் சொல்ல ஆசைதான். அதற்குள் மனம் மாறிவிடும் என்று நின்றபடியே சொன்னேன். "சோப்புத்தூள் இல்ல மேடம். திருநீறு. நான்தான் தொட்டியில போட்டேன். சோதிச்சும் பாத்துட்டேன், நீலம் வந்தது."

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒருவன், "யாரு, நம்ம அறிவா?" என்றான். சிரிப்பு கிளம்பியது. ஷமீமா மட்டும் சிரிக்கவில்லை. மேடமும் சிரிக்கவில்லை. அப்போது பார்த்தா என் வாய் பயந்து தொலைக்க வேண்டும்?

"அக்கா குடுப்பாங்க மேடம். கீழ போட முடியாதுல்ல. கால் படாத இடம்னு தொட்டியில தட்டிவிட்டேன்" என்றேன்.

மேடம் வேலாத்தா அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்து கைகட்டி நின்றார். நடந்ததைச் சொன்னதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. நான் அவருக்காகப் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"ஆமாங் மேடம். நாந்தானுங்க வம்பா கையில திணிச்சனுங்க. அம்முணி வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லுச்சு. அது சாமி கும்புடற புள்ளையே இல்லீங்க. அத ஒண்ணுஞ் சொல்லாதீங்க, தப்பு என்ற மேலதான்."

பொய். எனக்காகச் சொன்ன பொய். நான் கேட்டு வாங்கியது, பொட்டலமாகக் கொண்டுவரச் சொன்னது, எல்லாம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். என் மானத்தைக் காப்பாற்றத் தன் வேலையை மறுபடி தூக்கிக் கொடுக்கிறார். தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

"இல்ல மேடம்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நான் கேட்டு வாங்கினேன். அம்மாவுக்குன்னு பொய் சொல்லிப் பொட்டலமா வாங்கினேன். தினமும் ஏழாம் எண்ணுக்கு மட்டும் போட்டேன். இந்த முறையாவது வரணும்னு வேண்டிக்கிட்டுத்தான் போட்டேன். அக்காவுக்கு அது தெரியாது. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அது சிரித்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

எல்லோரையும் போகச் சொல்லிவிட்டு மேடம் என்னை மட்டும் நிறுத்தினார். "மொத நாளே சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன், அறிவு. அவ்வளவுதான் நடந்திருக்கும். வேற மணல் போட்டு ஆரம்பிச்சிருக்கலாம்." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இப்ப டிசம்பருக்குள்ள ஒண்ணும் முடியாது. ரிவ்யூல என்ன சொல்றதுன்னு நான் பாத்துக்கறேன். நீ வேலாத்தாகிட்ட போ."

போனேன். அக்கா சைக்கிள் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்றார்கள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அப்பாவுக்குச் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சாப்பிட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ரிவ்யூ முடிந்தது. மேடம் உள்ளதைச் சொல்லிவிட்டாராம். எனக்குப் பட்டம் கிடையாது. ஏழாம் எண்ணை ஷமீமா முதலிலிருந்து நட்டுப் பார்க்கப் போகிறாள். மணல் அவளே கழுவுகிறாளாம். சாவியையெல்லாம் ஒப்படைக்க எனக்கு ஒரு வாரம்.

வேலாத்தா அக்காவின் வேலை நின்றுவிட்டது. நிலைத்துவிட்டது என்று எழுத வேண்டும், கை தவறி எழுதுகிறது. அவருக்கு வேலை உண்டு. ஒப்பந்தக்காரரிடம் மேடமே பேசிவிட்டார். இன்றுதான் சற்று மூச்சு வந்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

பசுமைக்குடிலில் டிரே கழுவுவது புதிதாக யாரோ ஒரு பெண். அக்கா எங்கே என்று கேட்டேன். மண் பரிசோதனைக் கட்டடத்துக்கு மாற்றிக் கொடுங்கள் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

செப்டம்பர் 4, வியாழன்

கடைசி நாள். மண் பரிசோதனைக் கட்டடத்துக்குப் போனேன். பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து புட்டி கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எனக்காக எழுந்து நிற்க வேண்டியதில்லை அக்கா என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை.

"நான் போறேன்க்கா. என்மேல கோபமா இருக்கீங்க."

"கோவமெல்லாம் இல்லீங் அம்முணி. எல்லார்த்துக்கும் முன்னால ஒத்துக்கிட்டீங்க. எந்தப் புள்ள அப்புடிச் சொல்லும்?" குழாயை நிறுத்தினார். "ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுங்க. அன்னைக்கு நான் உங்ககிட்ட வந்து அழுதனே, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கன்னு. பாக்கலாம்க்கான்னு சொன்னீங்க."

"ஆமா."

"அதுக்கடுத்த நாளு துண்ணூறு குடுத்தனே, அதையும் வாங்கிக்கிட்டீங்க."

"ஆமாக்கா."

"அப்பவே தெரியுமுங்களா உங்களுக்கு? சோப்புத்தூள் இல்லீன்னு?"

இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அவர் அதைக் கேட்கத்தான் ஆசைப்பட்டார், முகத்தில் தெரிந்தது.

"தெரியும்க்கா" என்றேன்.

"செரீங்க" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்து அடுத்த புட்டியை எடுத்தார்.